வால்ட் டிஸ்னி கதை எல்லாருக்கும் தெரியும், அவரோட எம்ப்ளாயி கதை தெரியுமா?



நம்ம சேனல்ல எந்த டாபிக்ல வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி கண்டிப்பா வந்துடும். “அண்ணா, எனக்கு போட்டோகிராபின்னா உயிர். கையில வர்றது 35,000 ரூபாய். கேமரா வாங்கலாமா? வாங்கினா அதை வச்சு எப்படி சைடு இன்கம் பார்க்கறது?” கேமராவுக்குப் பதிலா கிட்டார், மீன் தொட்டி, சைக்கிள், பழைய பைக்னு பேர் மட்டும் மாறும். கேள்வியோட ரெண்டாவது பாதி மட்டும் மாறவே மாறாது: இதுல எப்படி சம்பாதிக்கறது?

இதுக்கு வழக்கமா ரெண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்னு, “ஹாபியை பிசினஸா மாத்து, வேலையை விடு.” இன்னொன்னு, “இந்த வயசுல ஹாபியா? அந்தக் காசை எஸ்.ஐ.பி-ல போடு, 45 வயசுக்கு மேல வாழ்ந்துக்கலாம்.” ரெண்டுமே தப்புன்னு நினைக்கிறேன். ஏன்னு சொல்றதுக்கு உங்களை 1938-ஆம் வருஷத்து கலிபோர்னியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க மாச, வாரச் சம்பளம் வாங்கின ஒருத்தர் தன் வீட்டுக்குப் பின்னாடி நிஜ ரயிலே ஓட்டினார்.

ஐம்பது டாலர் பெட்டி

அவர் பேர் வார்ட் கிம்பால். 1934-ல வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவுல வேலைக்குச் சேர்ந்த அனிமேட்டர். “பினோக்கியோ” படத்துல வர்ற ஜிமினி கிரிக்கெட்ங்கற கேரக்டரை வடிவமைச்சவர் இவர்தான். திறமைசாலிதான், ஆனா முதலாளி கிடையாது. நம்மள மாதிரி சம்பளக்காரர்.

ரயில்னா அவருக்குப் பைத்தியம். 1938-ல ஒரு பழைய பயணிகள் ரயில் பெட்டியை 50 டாலருக்கு வாங்கினார். பொம்மைப் பெட்டி இல்லைங்க, ஆளுங்க உட்கார்ந்து போன நிஜப் பெட்டி! அதைக் கொண்டு வந்து சான் கேப்ரியல்ல இருந்த தன் வீட்டுத் தோட்டத்துல வச்சார். பெட்டி வந்தாச்சு, எஞ்சின் வேணாமா? நெவாடா மாநிலத்துல ஒரு சின்ன ரயில் கம்பெனி மூடற நிலையில இருந்தது. அவங்ககிட்ட 1881-ல பால்ட்வின் கம்பெனி செஞ்ச ஒரு நீராவி எஞ்சின் காயலாங்கடைக்குப் போகக் காத்திருந்தது. அதை 400 டாலருக்கு வாங்கினார்.

அப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பிச்சது. தோட்டத்துல தண்டவாளம் போட்டாங்க. மூணு அடி அகலப் பாதை. நம்ம ஊட்டி மலை ரயில் ஓடற மீட்டர் கேஜை விடக் கொஞ்சம்தான் சின்னது. சனி, ஞாயிறு வந்தா நண்பர்களைக் கூட்டி வச்சு துருவைச் சுரண்டறது, பாகத்தைக் கழட்டிச் சரி பண்றது, பெயின்ட் அடிக்கறது. சில வருஷம் இப்படியே போச்சு. கடைசியில அந்த எஞ்சின் நிஜமாவே புகை விட்டு ஓடிச்சு! “எம்மா நெவாடா”ன்னு அதுக்குப் பேர் வச்சார். வீட்டு ரயில்வேக்கு “கிரிஸ்லி ஃபிளாட்ஸ் ரயில்ரோடு”ன்னு பேர்.

1948-ல ஹவாய்ல ஒரு கரும்புத் தோட்டத்துல ஓடிட்டிருந்த இன்னொரு குட்டி எஞ்சினும் வந்து சேர்ந்தது. அதுக்குத் தன் மகள் பேரையே வச்சார்: “க்ளோயி”.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். 1938-ல 400 டாலர்னா, அமெரிக்க விலைவாசி உயர்வை வச்சுப் பார்த்தா இன்னைக்கு ஏறக்குறைய 9,000 டாலர். நம்ம காசுல ஏழு லட்சத்துக்கு மேல. சின்னத் தொகை இல்லைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, அது ஒரு சாதாரண காரோட விலை. அக்கம்பக்கத்துல எல்லாரும் கார் வாங்கற காசுல இவர் ரயில் எஞ்சின் வாங்கியிருக்கார். எல்லாரும் குப்பைன்னு ஒதுக்கினதால அந்த விலைக்குக் கிடைச்சது. மீதி விலையை அவர் வார இறுதிகளாக் கொடுத்தார்.

இதை நான் ரொம்ப முக்கியமாப் பார்க்கறேன். நம்ம ஆளுங்க ஹாபின்னதும் முதல்ல பார்க்கறது டாப் மாடல். போட்டோ எடுக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா, அதுவும் 18 மாச இ.எம்.ஐ-ல. ஆறாவது மாசம் ஆர்வம் போயிடும், மீதி பன்னிரண்டு மாசம் இ.எம்.ஐ மட்டும் வரும். ஹாபிக்கு நாம கொடுக்க வேண்டிய முதல் தவணை நேரம்தான். நேரத்தைக் கொடுக்கப் பொறுமை இல்லைன்னா, அந்த ஹாபி நமக்கானது இல்லை, பொருள்தான் நம்மள இழுக்குதுன்னு அர்த்தம்.

ஒரே ஆசை, ரெண்டு பேர்

1945-ல கிம்பால் தன் வீட்டுல நடந்த ஒரு ரயில் பார்ட்டிக்கு முதலாளி வால்ட் டிஸ்னியை அழைச்சார். எஞ்சினை ஓட்டவும் விட்டார். டிஸ்னிக்கும் சின்ன வயசுலேர்ந்தே ரயில் ஆசை உண்டு. 1948-ல ரெண்டு பேரும் சேர்ந்து சிகாகோவுல நடந்த ரயில் கண்காட்சிக்குப் போய்ட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் டிஸ்னி லாஸ் ஏஞ்சலஸ்ல தன் புது வீட்டுத் தோட்டத்துல ஒரு குட்டி ரயில்வே கட்டினார். நிஜ ரயிலோட எட்டுல ஒரு பங்கு சைஸ். 2,615 அடி தண்டவாளம். 1950-ல ஓட ஆரம்பிச்சது. எஞ்சினுக்கு மனைவி லில்லியன் பேரால “லில்லி பெல்”. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், தோட்டத்துல ரயில் போறதுக்கு வழி உரிமை கேட்டு குடும்பத்தோட ஒரு ஒப்பந்தமே எழுதிக்கிட்டார். விளையாட்டுக்குத்தான். ஆனா மனைவியோட பூச்செடி கெடக் கூடாதுன்னு அதுக்கு அடியில 90 அடி சுரங்கம் தோண்டினது விளையாட்டு இல்லை, செலவு!

அந்த ஆசை அங்கேயே நிக்கல. 1955-ல திறந்த டிஸ்னிலேண்டைச் சுத்தி ரயில் ஓடியே ஆகணும்னு வால்ட் உறுதியா இருந்தார். அந்தப் பூங்காவுக்குப் பணம் புரட்ட தன் லைஃப் இன்ஷூரன்ஸ் பாலிசி மேலேயே கடன் வாங்கினார். ஜெயிச்சார், உலகமே பார்த்தது.

நம்ம மோட்டிவேஷன் ஸ்பீக்கர்ஸ் எல்லாரும் சொல்றது இந்தக் கதையைத்தான். “பாருங்க, ஹாபியைத் தொழிலாக்கினார், ரிஸ்க் எடுத்தார், ஜெயிச்சார்.” சரி. ஆனா அவருக்குப் பின்னாடி ஒரு ஸ்டுடியோ இருந்தது, உலகம் பூரா தெரிஞ்ச பேர் இருந்தது. அதே மாதிரி பாலிசியை அடகு வச்சுத் தோத்தவங்க யாரும் மேடை ஏறிப் பேசறதில்லை, அவங்க கதை நம்ம காதுக்கு வரவும் வராது. டேர்ம் இன்ஷூரன்ஸே எடுக்காத 26 வயசுப் பையன்கிட்ட “வால்ட் டிஸ்னி மாதிரி ரிஸ்க் எடு”ன்னு சொல்றது எனக்கு நியாயமாப் படல.

நீங்க பார்க்க வேண்டிய ஆள் கிம்பால். அவரும் அதே ஆசைக்காரர்தான். ஆனா வேலையை விடல. டிக்கெட் போட்டு அந்த ரயிலை ஒரு தொழிலாக்கல. நண்பர்கள் வருவாங்க, எஞ்சினைப் பத்த வைப்பாங்க, கொஞ்ச தூரம் போய்ட்டு வருவாங்க. அவ்வளவுதான்.

அதுக்காக அவருக்குச் சம்பாதிக்கத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. அவருக்கு இன்னொரு ஹாபியும் இருந்தது. ட்ரோம்போன் வாசிப்பார். ஸ்டுடியோ நண்பர்களைச் சேர்த்து “ஃபயர்ஹவுஸ் ஃபைவ் பிளஸ் டூ”ன்னு ஒரு ஜாஸ் பேண்டு வச்சிருந்தார். அந்த பேண்டு இசைத்தட்டு போட்டது, மேடை ஏறினது, நல்லாப் பேர் வாங்கினது. ஒரே மனுஷன், ரெண்டு ஹாபி. ஒன்னு சம்பாதிச்சது, இன்னொன்னு செலவு வச்சது. சம்பாதிச்சதுக்காக வேலையை விடல, செலவு வச்சதுக்காக ரயிலை விடல.

நம்ம தலைமுறைக்கு இந்தத் தெளிவு வேணும்னு நினைக்கிறேன். இன்னைக்கு யாராவது நல்லா கேக் செஞ்சா அடுத்த நிமிஷம் “ஆர்டர் எடுக்கலாமே”ன்னு சொல்றோம். நல்லாப் படம் வரைஞ்சா “இன்ஸ்டாவுல பேஜ் ஆரம்பி”ங்கறோம். ஆர்டர் எடுத்த அன்னைக்கே அது ரெண்டாவது வேலை. கஸ்டமர், டெட்லைன், ரிட்டர்ன், திட்டு எல்லாம் வரும். ஆபீஸ்ல பத்து மணி நேரம் வேலை பார்த்துட்டு வந்து மனசு ஆற இருந்த ஒரே இடமும் போயிடும். சைடு இன்கம் வேணும்னா தாராளமாப் பண்ணுங்க, நானே பத்து வீடியோ போட்டிருக்கேன். ஆனா அதுக்கு வேற ஒன்னை எடுங்க. ஒரு ஹாபியையாவது சும்மா விட்டு வைங்க.

“இந்தக் காசை எஸ்.ஐ.பி-ல போட்டிருந்தா?”

இதுதான் அடுத்த பக்கத்துலேர்ந்து வர்ற அம்பு. அதையும் நேர்மையாப் பார்த்துடுவோம்.

மாசம் 3,000 ரூபாய் ஹாபிக்குச் செலவு பண்றீங்க. அதையே 30 வருஷம் எஸ்.ஐ.பி-ல போட்டு, வருஷத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தா, கையில சுமார் 1 கோடியே 5 லட்சம் இருக்கும். “உங்க ஹாபியோட விலை ஒரு கோடி!”ன்னு தம்ப்நெயில் போட்டா வியூஸ் பிச்சுக்கும்.

ஆனா அந்த தம்ப்நெயில் மறைக்கறது ரெண்டு விஷயம். முதல்ல, அந்த 12 சதவீதம் ஒரு அனுமானம், யாரும் கேரன்டி தர முடியாது. ரெண்டாவது, 30 வருஷம் கழிச்சு வர்ற ஒரு கோடி இன்னைக்கு இருக்கற ஒரு கோடி இல்லை. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினா, அந்த 1 கோடியே 5 லட்சத்தால இன்னைக்கு மதிப்புல சுமார் 18 லட்சத்துக்கான பொருள்தான் வாங்க முடியும்.

18 லட்சம் சின்னத் தொகைன்னு சொல்ல வரல. அது நிஜமான விலை, அதை மறைக்க மாட்டேன். ஆனா கேள்வியைச் சரியாக் கேளுங்க: 30 வருஷத்து சனி, ஞாயிறுக்கு 18 லட்சம் கொடுக்கலாமா? ரிட்டயர்மென்ட்டுக்கான எஸ்.ஐ.பி ஏற்கனவே ஓடிட்டிருந்தா, என் பதில் “கொடுக்கலாம்”. ஓடலைன்னா “இன்னும் கொடுக்கக் கூடாது”. ரெண்டும் சேர்ந்ததுதான் என் கருத்து.

“45 வயசுக்கு மேல பார்த்துக்கலாம்”ங்கறதுல இன்னொரு சிக்கல் இருக்கு. கிம்பால் அந்த எஞ்சினை வாங்கினப்போ அவருக்கு 24 வயசு. வருஷக்கணக்குல ஆன வேலையை அறுபது வயசுல ஆரம்பிச்சிருந்தா முடிச்சிருப்பாரா? பணத்துக்கு மட்டும்தான் கூட்டு வட்டி உண்டுன்னு நினைக்காதீங்க. கையில வர்ற திறமைக்கும், கூட நிக்கற நண்பர்களுக்கும் கூட்டு வட்டி உண்டு. அதுவும் சீக்கிரம் ஆரம்பிச்சவங்களுக்குத்தான்.

அப்போ எப்படிச் செலவு பண்றது?

நான் பின்பற்றச் சொல்றது இவ்வளவுதான்.

1. முதல்ல அஸ்திவாரம். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், மெடிக்கல் இன்ஷூரன்ஸ், உங்களை நம்பி யாராவது இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸ், ஒரு எஸ்.ஐ.பி. இதெல்லாம் இல்லாம ஹாபிக்குப் பெரிய செலவு வேண்டாம். கிம்பால் அந்த எஞ்சினோட போராடிட்டிருந்த காலத்துல, 1941-ல, அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவுல மாசக்கணக்குல ஸ்ட்ரைக் நடந்தது. போர் வந்து ஐரோப்பிய மார்க்கெட்டும் அடைஞ்சு போச்சு. எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் ஆட்டம் காணும். அப்படி ஒரு நேரத்துல பாதி ரிப்பேர்ல நிக்கற எஞ்சின் சாப்பாடு கேக்காது. இ.எம்.ஐ கேக்கும்.

2. ஆசைக்குன்னு தனி அக்கவுண்ட். கையில வர்ற சம்பளத்துல 5 சதவீதம். 35,000-க்கு 1,750 ரூபாய். சம்பளம் வந்த அன்னைக்கே தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு ஆட்டோமேட்டிக்கா போயிடணும். வருஷத்துக்கு 21,000 சேரும். அதுல இருக்கற வரைக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமச் செலவு பண்ணுங்க. தீர்ந்தா நிறுத்துங்க. கிரெடிட் கார்டைத் தொடாதீங்க. கட்டாம விட்டா மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி போடற கார்டுகள் இருக்கு, வருஷத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல ஆகும். எந்த ஹாபியும் அந்த வட்டிக்குத் தாங்காது.

3. வாங்கற விலை பாதிதான். கிம்பாலுக்கு 400 டாலர் எஞ்சினோட விலை மட்டும். கொண்டு வர்றது, தண்டவாளம், ரிப்பேர், நிலக்கரி எல்லாம் தனி. ஒரு தடவை டிஸ்னி ஒரு சினிமாவுக்காகப் போட்ட ரயில்வே ஸ்டேஷன் செட்டை இவருக்கு இலவசமாவே கொடுத்தார். செட்டுன்னா தெரியுமே, முன்பக்கம் மட்டும் அழகா இருக்கும். அதை நிஜக் கட்டடமா மாத்தற செலவும் உழைப்பும் கிம்பால் தலையில. இலவசமா வந்த பொருளும் செலவு வைக்கும். அதனால கையில 40,000 இருந்தா 20,000-க்குள்ள வாங்குங்க, மீதி 20,000 லென்ஸ், சர்வீஸ், பயிற்சி, பயணம்னு தானாப் போகும். வாடகை வீட்டுல இருக்கறவங்க இன்னொன்னையும் யோசிங்க: அடுத்த வீடு மாறும்போது இதைத் தூக்கிட்டுப் போக முடியுமா?

4. வீட்டுல சொல்லிட்டுப் பண்ணுங்க. வால்ட் டிஸ்னியே எழுதிக் கொடுத்துட்டுத்தான் தண்டவாளம் போட்டார். நீங்க 12,000-க்கு வாங்கிட்டு அம்மாகிட்ட “ஆபர்ல 3,000”-னு சொல்றீங்க. கல்யாணம் ஆனவங்களுக்கு இன்னும் முக்கியம்: உங்களுக்கு 5 சதவீதம்னா, உங்க துணைக்கும் அதே 5 சதவீதம். அவங்க அதை எதுக்குச் செலவு பண்றாங்கன்னு கேக்கற உரிமை உங்களுக்கு இல்லை.

5. முதலீடுன்னு சொல்லி ஏமாத்திக்காதீங்க. “பத்து வருஷம் கழிச்சு நல்ல விலைக்குப் போகும்”னு வாட்ச், ஷூ, பழைய பைக் வாங்கறவங்களை நிறையப் பார்க்கறோம். விக்கணும்னு நினைக்கற அன்னைக்கு வாங்க ஆள் இருக்காது. கிம்பால் ஐம்பது வருஷத்துக்கு மேல வச்சிருந்த தன் ரயில்களை 1990-கள்ல கலிபோர்னியாவின் பெரிஸ் ஊர்ல இருக்கற ரயில் மியூசியத்துக்குக் கொடுத்தார். வித்துக் காசாக்கல, நன்கொடையாத்தான் கொடுத்தார். ஹாபிக்குப் போன காசு திரும்பி வராதுன்னு முதல் நாளே எழுதி வச்சுக்கோங்க. அப்புறமும் வேணும்னு தோணினா, தைரியமா வாங்குங்க.

கடைசியா ஒன்னு

அந்த இலவச ஸ்டேஷன் செட் பத்திச் சொன்னேன் இல்லையா? டிஸ்னிலேண்ட் கட்டும்போது வால்ட் அதைத் திரும்பக் கேட்டார். கிம்பால் கொடுக்க மாட்டேன்னுட்டார். சம்பளம் கொடுக்கற முதலாளிகிட்டங்க! கடைசியில அதே டிசைன்ல டிஸ்னிலேண்டுக்குப் புதுசா ஒரு ஸ்டேஷன் கட்டினாங்க. கிம்பாலோட வேலையும் போகல. அதுக்கப்புறமும் பல வருஷம் அங்கேயே இருந்தார், ஆஸ்கர் வாங்கின படங்களை இயக்கினார்.

ஆபீஸ் நம்மகிட்ட நேரம் கேக்கும், மூளை கேக்கும், சில சமயம் ஞாயித்துக்கிழமையும் கேக்கும். அதுக்குத்தான் சம்பளம். ஆனா “இது என்னோடது, இதைத் தர மாட்டேன்”னு சொல்ல நம்மகிட்ட ஏதாவது ஒன்னு இருக்கணும். அதுக்கு மாசம் 1,750 ரூபாய் அதிகம்னு எனக்குத் தோணல.

கிம்பால் 2002-ல காலமானார். 2005-ல டிஸ்னிலேண்டுல ஓட வந்த ஒரு நீராவி எஞ்சினுக்கு அவர் பேரை வச்சாங்க. முதலாளி கட்டின பூங்காவுல எம்ப்ளாயி பேர்ல ரயில் ஓடுது.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் ஒரு வேலை பண்ணுங்க. எஸ்.ஐ.பி போனதுக்கு அப்புறம், அந்த 5 சதவீதத்தைத் தனியா எடுத்து வைங்க. அக்கவுண்ட்டுக்கு உங்க ஹாபி பேரையே வைங்க. எதுக்குன்னு கீழ சொல்லுங்க, படிக்க ஆசையா இருக்கு. ஒரே ஒரு நிபந்தனை: அதுல எவ்வளவு சம்பாதிக்கலாம்னு மட்டும் எழுதாதீங்க.